துண்டுத்துணி சாட்சி

அவளுக்குத் துண்டுத்துணி என்று பெயர் வைத்தவர் தையல் ஆலையின் மேலாளர். மெஷினைப் பழுது பார்த்ததும் மற்ற மெக்கானிக்குகள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். கழிவுத் துணியில் ஒரு சாண் எடுத்து, மேலே வெள்ளை நூலும் அடியில் நீல நூலுமாகத் தைத்துப் பார்த்து, அந்தத் துண்டை மெஷினின் கழுத்தில் கட்டிவிட்டுத்தான் நகர்வாள். தையல் சரியாக விழுந்தால் மேலே நீலம் எட்டிப் பார்க்காது, அடியில் வெள்ளை எட்டிப் பார்க்காது. சந்தேகம் இருப்பவர்கள் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். மேலாளருக்கு அதெல்லாம் வெட்டி வேலை. சக்கரம் சுற்றினால் அவருக்குப் போதும்.

அப்படித்தான் ஒருநாள், அவள் பாதி வேலையில் வைத்திருந்த மெஷினை "ஓடுதுல்ல, விடு" என்று தையலுக்கு அனுப்பினார். ஊசி முறிந்து ஒரு பெண்ணின் கன்னத்தில் தெறித்தது. பழி மெக்கானிக் தலையில் விழுந்தது. அவள் திருப்புளியை மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை விட்டாள். ஆறு மாதத்தில் இங்கேயே வந்து நிற்பாய் என்று அவர் சிரித்தார்.

"ஒரு வருஷம், சார். அதுக்குள்ள சொந்தக் கால்ல நிக்கலைன்னா நானே வந்து உங்க கேட்டைத் தட்டுறேன்."

முப்பது மெஷின்களும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தன. எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

வீட்டில் அம்மாவும் தம்பியும். தம்பிக்கு வயது முப்பத்திரண்டு, கைபேசிக் கடையில் விற்பனையாளன். அவசரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி இரண்டு முறை முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன். தையல் மெஷின் பழுதுகளைப் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கு, விளம்பரத்தில் வருமானம் வரும் என்று யோசனை சொன்னவன் அவன்தான். பெயர் பகட்டாக இருக்கவேண்டும் என்றான். அவள் 'துண்டுத்துணி' என்றே வைத்தாள். கேலிக்கு வைத்த பெயர் கேலி செய்தவரின் சொத்தாகவே இருக்கவேண்டுமா என்ன?

ஆனால் விளம்பரத்துக்கு அவள் அவசரப்படவில்லை. முதலில் ஐம்பது பதிவு. ஒவ்வொன்றும் தானே பார்த்துச் சரிசெய்த பழுதாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மெஷினில் தைத்த துண்டின் படம் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் விளம்பரம் என்ற பேச்சே கூடாது. சரக்கில்லாத கடைக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்பது அவள் கட்சி. பழுது வேலை வீடு தேடி வந்தது. அது கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது, சொந்தக் கால் என்று சொல்லிக்கொள்ளப் போதவில்லை. பத்து மாதத்தில் இருபத்தொன்பது பதிவுகள் ஆயின. இந்த வேகத்தில் போனால் ஐம்பது முடிவதற்குள் எனக்கு நரைத்துவிடும் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தச் சமயம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு வாரம் மருத்துவமனையே மகளுக்கு வீடானது. திரும்பி வந்தபோது தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான். வலைப்பூவில் ஐம்பது பதிவுகள் இருந்தன. விளம்பரம் போட அனுமதி கேட்டு, அதுவும் கிடைத்துவிட்டதாம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தொரு பதிவுகளை அவன் அங்கங்கே இருந்து சுட்டுப் போட்டிருந்தான். அதைவிட மோசம், அடியில் இருந்த துண்டுகள். எல்லாம் அவளுடைய பழைய துண்டுகள்தான். யாரும் கண்டுபிடிக்கக்கூடாது என்று புரட்டிப் போட்டுப் படம் எடுத்திருந்தான். நீலம் மேலே இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூட அவள் நீலத்தை மேலே வைத்துத் தைத்ததில்லை.

ஒன்றை மறைக்கவேண்டாம். ஒரு ராத்திரி முழுக்க அவள் மனம் ஊசலாடியது. கெடு முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கேட்டைத் தட்டவேண்டியதில்லை. தம்பியும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அக்கா அந்த ஆள் முன்னால் தலைகுனியக்கூடாது என்றுதான் செய்தான்.

காலையில் நாற்பத்தொன்றாம் பதிவின் கீழ் ஒரு தையல்காரி எழுதியிருந்தாள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைப் பிடித்திருக்கும் தண்டைக் கீழே இறக்கு என்று அந்தப் பதிவில் இருந்தது. எவ்வளவு இறக்குவது என்று இல்லை. அவள் இறக்கியிருக்கிறாள். ஊசி அடிநூலைச் சுமக்கும் ஷட்டிலில் மோதி முறிந்து, அதில் கீறல் விழுந்து, இப்போது நூல் அடிக்கொரு தரம் அறுகிறதாம். பள்ளிச் சீருடைகள் வெட்டியபடி கிடக்கின்றனவாம். திட்டவில்லை. கடைசி வரி மட்டும் அக்காவின் நெஞ்சில் தைத்தது: 'அடியில உங்க துண்டு இருந்துச்சு, அதான் நம்பிட்டேன் அக்கா.'

அவள் கைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் முகம் சுண்டியது. சரி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம், ஒன்றுதானே தப்பு என்றான்.

"ஒண்ணு தப்புன்னு அந்தப் பொண்ணோட மெஷின் சொல்லிடுச்சு. மிச்சம் இருபதும் சரின்னு உனக்கு யாரு சொன்னா?"

"இப்ப அழிச்சா விளம்பரம் போயிடும்க்கா. அந்த ஆளுகிட்ட போய் நிக்கணும்."

"நிக்கறேன். பொய்த் துண்டைக் கட்டிட்டு உக்காந்திருக்கறதுக்கு அது மேல்."

இருபத்தொன்றையும் அவனையே அழிக்கச் சொன்னாள். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தாள். நடந்ததை ஒளிக்காமல் முகப்பில் எழுதினாள். பிறகு தையல்காரிக்கு வீடியோ அழைப்பு போட்டு, நைஸ் உப்புத்தாளால் கீறலைத் தேய்க்கச் சொல்லி, தண்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, மத்தியானம்வரை கூடவே இருந்தாள். தையல்காரி ஒரு சாண் தைத்துக் காட்டினாள். மேலே வெள்ளை, அடியில் நீலம். அதுவே முப்பதாம் பதிவு.

வலைப்பூவுக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இருந்த பாதிப் பேர் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் எழுதினாள். கெடு நாள் விடிந்தபோது முப்பத்தாறு பதிவுகள் இருந்தன.

கருவிப்பையை எடுத்தாள். போகாதே என்று தம்பி வாசலை மறித்தான். முப்பது பேர் காதுபடச் சொன்ன வார்த்தையைக் காற்றில் விட அவளுக்கு மனமில்லை. போய்க் கேட்டைத் தட்டினாள்.

மேலாளரே திறந்தார். இதற்காகவே ஒரு வருடம் காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. உன் இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டார், பெரிய கெட்டிக்காரர், அவருக்குக் கீழே உதவியாளாக வேண்டுமானால் சேர்ந்துகொள் என்றார். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் தோளுக்குப் பின்னால் மெஷின்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது மெஷினின் கழுத்தில் ஒரு துண்டு தொங்கியது. அதற்கடுத்ததில் ஒன்று. அதற்கும் அடுத்ததில் ஒன்று. எல்லாம் வெள்ளைத் தையல்.

"அது யார் கட்டினது, சார்?"

"புது மெக்கானிக்தான். ஏதோ ப்ளாக்ல படிச்சாராம். வேணாம்னு சொன்னாலும் கேக்கறதில்ல. ஆனா ஊசி முறியறது நின்னுபோச்சு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த ப்ளாக் பேரைக் கேட்டீங்களா?"

"இல்லையே. எதுக்கு?"

"கேளுங்க சார். நீங்க வச்ச பேருதான்."

அவர் திரும்பி மூன்றாவது மெஷினைப் பார்த்தார். அவள் கருவிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"தட்டறேன்னு சொன்னேன், தட்டிட்டேன். இன்னும் பதினாலு பதிவு பாக்கி கெடக்கு. வரேன்."

வீட்டில் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். அவள் பழுதுக்கு வந்திருந்த மெஷினின் மூடியைக் கழற்றினாள்.

"கேமராவை எடு. முப்பத்தேழு."