எரியாத பிராந்தி

மரிய ஜோசப்பின் மூக்கைப் பற்றி அவர் வாயால் கேட்க வேண்டும். கடலூர் முதுநகரில் நின்றபடியே பிச்சாவரத்தில் எந்த வீட்டில் இறால் வறுக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்துநாலு வருடம், விலாசம் படிக்காமல் மோந்தே மூட்டைகளை ஊர் பிரித்த மூக்காம் அது. அப்படிப்பட்டவரை அண்ணன் மகன் டேவிட் ராஜ் பிரெஞ்சு பிராந்தி ருசி பார்க்கக் கூப்பிட்டால் விடுவாரா? ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டேவிட் ராஜுக்குப் பிரான்சில் பிராந்தி கம்பெனி ஒன்றில் வேலை. லீவில் வந்தவன், தேவனாம்பட்டினம் வீட்டில் சொந்தக்காரர்கள் எட்டுப் பேரை உட்காரவைத்து, நாலு பாட்டிலைத் திறந்து பாடம் நடத்தினான்.

"சோடா எங்கடா?" என்றார் மரிய ஜோசப்.

"கெடையாது சித்தப்பா."

"ஊறுகா?"

"அதுவும் கெடையாது."

"பெரிய வெள்ளிக்கிழமைக்குக்கூட இவ்ளோ கட்டுப்பாடு இல்லடா!"

வீடே சிரித்தது. வாய் குறுகிய கிளாசில் ஒரு மடக்கு ஊற்றி, முதலில் நெஞ்சருகே, பிறகு தாடையருகே, கடைசியில்தான் மூக்கருகே கொண்டுவரச் சொன்னான். நாலாவது பாட்டில் முப்பது வருடம் மரப்பீப்பாயில் கிடந்த சரக்கு. மரிய ஜோசப் மோந்தார். உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பூட்டியே கிடந்த பழைய பீரோ. ஒரு வாய் வைத்தார். இறங்கியதே தெரியவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் மெதுவாக ஒரு சூடு.

"பழசாக ஆக எரியாது. தெரியாதவுங்க தண்ணி கலந்துட்டான்னு நெனச்சிக்குவாங்க," என்றான் டேவிட் ராஜ்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்த மரிய ஜோசப்புக்குப் பாதியில் சிரிப்பு நின்றுபோனது. இந்த வாசனை அவருக்குத் தெரியும்.

பதினெட்டு வருடத்துக்கு முன், மகள் ஜெனிட்டாவின் கல்யாணத்துக்கு, மனைவி ரோசியின் தம்பி சவரிராயன் பாரிசிலிருந்து ஒரே ஒரு பாட்டிலைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்தான். அங்கே அவனுக்கு வாட்ச்மேன் வேலை. மரிய ஜோசப் ஒரு வாய் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர் முன்னால், "தொண்ட எரியலன்னா அது பிராந்தியா? மச்சான் பிளேன்லயே பாதியக் குடிச்சிட்டு பாத்ரூம் தண்ணிய ஊத்திக் கொண்டாந்துட்டாரு!" என்று கூவி, மிச்சத்தை மற்றச் சரக்கோடு பிளாஸ்டிக் வாளியில் கவிழ்த்தார். பந்தல் குலுங்கியது. சாப்பிடாமல் போன சவரிராயன் அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதோடாவது விட்டாரா? ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும், ஒவ்வொரு ஞானஸ்நான விருந்துக்கும் கதை வளர்ந்தது. பாத்ரூம் தண்ணி பாரிஸ் ஆற்றுத் தண்ணியானது. போன வருடக் கதையில் பைலட்டே எழுந்து வந்து பாட்டிலை ஒரு கை பார்த்துவிட்டுப் போனார். கதை தொடங்கியதுமே ரோசி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

பிரெஞ்சு பிராந்தி ருசி பார்த்த மறுநாள் காலை மரிய ஜோசப் சிதம்பரம் பஸ் ஏறினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த சவரிராயன், அங்கே கீரப்பாளையம் ரோட்டில் தனியாக இருந்தான்.

"மச்சான், அது அசல் சரக்குடா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. தப்பு எம்மேல."

சவரிராயன் அவர் முகத்தையே பார்த்தான். "இது புதுசா இருக்கே மாமா. அடுத்தது என்னா வரும்?"

"சத்தியமா கதை இல்லடா."

"அன்னைக்கி நூறு பேரு கேட்டாங்க மாமா. இன்னைக்கி யாரு கேக்கறா? இந்த ஃபேனும் நானுந்தான்." பிறகு, "டீ சாப்புடுங்க. அக்காவுக்கு மூட்டு வலி எப்பிடி இருக்கு?" என்றான்.

"வந்து பாரேன்."

சவரிராயன் எழுந்து அடுப்படிக்குப் போனான். டீ வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்று, அன்றைக்கு வாளியிலிருந்து மொண்டு கொடுத்த கோவிந்தசாமிக்குப் போன் போட்டார். "அந்த பிராந்தில தண்ணியே இல்லப்பா. எம் மச்சான் மேல நாந்தான் பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஒரே சிரிப்பு. "ஆரம்பிச்சிட்டாரு! சொல்லுங்க மாமா, அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

"அட, சும்மா சொல்லுங்க. அப்பறம்?"

மரிய ஜோசப் போனை வைத்துவிட்டு அடுத்த பெயரைத் தேடினார். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; போட்டாலும் எடுக்க ஆளில்லை.