சாம்பல் கலந்த எண்ணெய்

ராஜபாளையத்தில் எண்ணெய்ப் பரோட்டாக் கடை போட்டிருந்த இருளப்பசாமி, பழைய எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றினால்தான் ருசி என்று சாதித்தவர். மீந்த பரோட்டாவைத் தின்று தீர்த்தவரும் அவரே. நெஞ்சடைத்து விழுந்து, ஸ்டென்ட் வைத்துத் திரும்பியபோது கடை மனைவி நாகஜோதியின் கைக்குப் போயிருந்தது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் ரத்தக்குழாயைக் கெடுக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஒருநாள் பொரித்த எண்ணெயை மறுநாள் அவள் சட்டியில் விடுவதில்லை. பழைய ருசி இல்லையே என்று முனகிய மில் ஆட்களுக்கும் அவள் அசையவில்லை. அந்தப் பிடிவாதத்தை இருளப்பசாமி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார்.

இன்று காலை, அடுத்த தெருவில் வடைக்கடை வைத்திருக்கும் பால்பாண்டி டின்னோடு வந்தார்.

“மீந்த எண்ணெயக் குடு தாயி. வீட்டு கேட் துருப்பிடிக்கு, பூசணும்.”

“அதுக்கென்னண்ணே” என்று டின்னில் ஊற்றிய நாகஜோதி, அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். “கேட்டுக்குச் சாம்பல் ஒண்ணும் செய்யாது.”

பால்பாண்டி டின்னை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இருளப்பசாமிக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. “ஏட்டி, ஊரான் நெஞ்சையும் நீதான் காக்கணுமாக்கும்?”

“ஊரான் நெஞ்சு எனக்கெதுக்கு? நீங்க தெனமும் கமுக்கமா வடை திங்கிறது அவர் கடையிலதான?”