இருபது மார்க்குக் கேள்வி

1929-ஆம் வருஷத்து இண்டர்மீடியட் பரீட்சை நெருங்க நெருங்க, நாகர்கோவிலில் கல்லூரி விடுதியில் இருந்த ஜஸ்டஸின் அறைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்கினால் தேறலாம், எந்தப் பகுதியைக் கைவிட்டால் மோசமில்லை என்று அவரவருக்கு அவன் கணக்குப் போட்டுக் கொடுப்பான். மயிலாடிக்காரன். அவனுக்கு முதல் வகுப்பு கிடைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நூஹு மட்டும் அவனைத் தேடிப் போகவில்லை. ஜஸ்டஸ்தான் அவனைப் பிடித்து உட்காரவைத்தான். குளச்சலில் கருவாட்டு வியாபாரம் செய்யும் சைபுதீனின் மகன் நூஹு; கோட்டாற்றில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். சரித்திரம் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். இங்கிலீஷ் என்றால் காய்ச்சல் வரும். டிசம்பர் பரீட்சையில் சரித்திரத்தில் எழுபத்திரண்டு, இங்கிலீஷில் இருபத்திநாலு.

“ஒவ்வொண்ணுலயும் முப்பத்தஞ்சு வேணும்லே. ஒண்ணுல கொறஞ்சாலும் பெயிலாக்கும்,” என்றான் ஜஸ்டஸ். “சரித்திரத்துல நீ வாங்குகதுல பாதி வீணு. அந்த நேரத்த எடுத்து இங்கிலீசுல போடு. சரித்திரம் சும்மா போயி எழுதினாலே ஒனக்கு அம்பது வரும்.”

“வீணா?”

“பாஸாகதுக்கு மேல உள்ளது எல்லாம் வீணுதான் மக்கா.”

ஜஸ்டஸ் சொன்னபடியே நூஹு செய்தான். சரித்திரப் புத்தகங்களை மாமாவின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, காலையும் மாலையும் ஜஸ்டஸிடம் இங்கிலீஷ் கட்டுரை எழுதிக் காட்டினான். ஜஸ்டஸ் அடித்துத் திருத்துவான். நூஹு மறுபடி எழுதுவான். முகம் வாடிப்போயிற்று. “ஒடம்புக்கு என்னடா?” என்று மாமி கேட்கும் அளவுக்கு இளைத்தும்விட்டான்.

மார்ச்சில் இங்கிலீஷ் பரீட்சை முடிந்ததும் இருவரும் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முப்பத்தெட்டுக்குக் குறையாது என்றான் ஜஸ்டஸ். தானே தேறிவிட்டதைப் போல அவனுக்குச் சந்தோஷம்.

சரித்திரத் தாள் வந்தது. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். முதல் கேள்வியே தென்னிந்தியாவில் டச்சுக்காரர் ஏன் தோற்றார்கள் என்பது. நூஹு தாளைக் கீழே வைத்தான். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன் டச்சுக்காரர் தோற்றது அவன் ஊரான குளச்சல் கடற்கரையில். சின்ன வயது முதல் அவன் யோசித்து வைத்திருந்த ஒன்று அதில் இருந்தது. எழுதத் தொடங்கினான். கூடுதல் தாள் கேட்டான், மறுபடியும் கேட்டான். அவன் நிமிர்ந்தபோது மேற்பார்வையாளர், “இன்னும் அரை மணி நேரம்” என்று சொல்லிக்கொண்டு போனார். அவசரமாக இரண்டாவது கேள்வியில் பாதி எழுதினான். மூன்றாவதில் நாலு வரி. மணி அடித்துவிட்டது.

வாசலில் ஜஸ்டஸ் காத்து நின்றான்.

“அஞ்சும் எழுதினியா?”

“ஒண்ணு எழுதினேன்.”

“வெளையாடாத.”

“உள்ளதாக்கும். மத்ததுல கொஞ்சம் கொஞ்சம்.”

ஜஸ்டஸ் கண்ணை மூடிக் கூட்டினான். “முழுசா குடுத்தாலும் இருபது. மத்தது ஒரு எட்டு. போச்சுலே! மூணு மாசம் நாம பட்ட பாடெல்லாம் போச்சு!” நூஹு அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தான். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் மாமி வைத்த சோற்றை அவன் முழுக்கச் சாப்பிட்டான்.

மே மாதம் முடிவு வந்தது. ஜஸ்டஸுக்கு முதல் வகுப்பு. நூஹு இங்கிலீஷ் உட்பட எல்லாவற்றிலும் தேறியிருந்தான்; சரித்திரத்தில் மட்டும் இல்லை. ஜஸ்டஸ் சைக்கிள் மிதித்துக் குளச்சலுக்குப் போனான். கடற்கரையில் சைபுதீன் கருவாடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வா பிள்ளே. ஒன் கூட்டுக்காரன் தெரியாததுல ஜெயிச்சு, தெரிஞ்சதுல தோத்துட்டான். இப்படி எங்கயாவது உண்டுமா?” என்றார். கோபத்தைவிடத் திகைப்புதான் அவர் முகத்தில் இருந்தது.

பக்கத்தில் நின்ற நூஹு அவனை அலை வந்து மோதும் ஓரத்துக்கு அழைத்துப் போனான்.

“அப்படி என்னதான்லே எழுதின?” என்று ஜஸ்டஸ் கேட்டான்.

நூஹு கடலைக் கை காட்டினான். “ஆடி மாசம் இந்தக் கடல நீ பாத்திருக்கியா? எங்காளுவளே வள்ளம் எறக்க மாட்டாவ. டச்சுக்காரன் கப்பல தூரத்துல நிறுத்திக்கிட்டு அந்தச் சமயத்துலயாக்கும் கரையில சண்டைக்கு நின்னான். கரையில உள்ளவனுக்குக் கப்பல்ல இருந்து ஒத்தாசை எப்படி வரும்? ராஜா பட்டாளம் தோக்கடிச்சது சரிதான். அதுக்கு முந்தி கடலு தோக்கடிச்சிருக்கும்னு எழுதினேன். புத்தகத்துல அது இல்ல.”

“நான் ஒன்ன கெடுத்துட்டேனோ?” என்றான் ஜஸ்டஸ்.

“கிறுக்கா ஒனக்கு? நீ சொல்லித் தந்த இங்கிலீசுலதான அத எழுதினேன். இந்தக் கேள்வி முன்னால வந்திருந்தா மனப்பாடம் பண்ணினத எழுதியிருப்பேன்; சொந்தமா நாலு வரிக்கு மேல எனக்கு எழுத வந்திருக்காது.”

செப்டம்பரில் நூஹு சரித்திரத்தை மட்டும் மறுபடி எழுதினான். டச்சுக்காரர் வரவில்லை. ஐந்து கேள்விக்கும் நேரத்தைப் பங்குபோட்டு, ஐந்தையும் முடித்தான். அறுபத்தாறு வந்தது. தேறிவிட்டான் என்று சைபுதீன் தெருவுக்கே சர்க்கரை வழங்கினார். அந்தத் தாளில் தான் எழுதியது என்னவென்று ஒரு வாரம் கழித்து யோசித்துப் பார்த்தபோது, நூஹுவுக்குச் சரியாக நினைவு வரவில்லை.

அடுத்த ஜூனில் அவன் திருவனந்தபுரத்துக்கு பி.ஏ. சரித்திரம் படிக்கப் போனான். ஜஸ்டஸுக்கு ஒரு வருஷம் பின்னால்.