லிஃப்ட் அத்திபெலேவுக்குப் போன கதை

சீதாலட்சுமியின் தமிழ் வகுப்பில் சட்டம் ஒன்றுதான்: இங்கே யாரும் தப்பாக எழுதவே முடியாது. பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில், அவள் வசிக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில், சனிக்கிழமை காலையில், கேரம் போர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு நடத்துகிற வகுப்பு அது. வாரம் முழுக்கப் பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் எழுதிக் கை ஓய்ந்து வருகிற பிள்ளைகளுக்கு இங்கேயும் சிவப்புப் பேனாவா என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. எந்த பாஷை வார்த்தை வந்தாலும் வரட்டும், தமிழ் எழுத்தில் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இளவேனில் எழுந்து தன் கதையை வாசித்தாள். ஒன்பது வயது, வாய் மூடாத பெண். கதை இவர்கள் பிளாக் லிஃப்ட்டைப் பற்றியது. நாள் பூரா மேலே, கீழே, மேலே, கீழே. 'சாப்டியா'ன்னு ஒருத்தரும் கேட்கவில்லை. 'லிஃப்ட்டுக்கு சாக்காய்த்து' என்று எழுதியிருந்தாள். போதும் போதும் என்று ஆகிவிட்டது என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் தமிழிலும் இந்தக் கன்னட வார்த்தையைத்தான் சொல்லும்.

லிஃப்ட் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி, பஸ் ஏறி, கண்டக்டரிடம் அரை டிக்கெட்டுக்குச் சண்டை போட்டு, அத்திபெலேவில் இறங்கி ரெண்டு பிளேட் பஜ்ஜி தின்றது. அப்போதுதான் உள்ளே ஒரு அங்கிள் நிற்பது அதற்குத் தெரிந்தது. அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், 'செவன்த் ஃப்ளோர் வந்துடுச்சா?' என்று கேட்டார்.

கதை அவ்வளவுதான். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தன. சீதாலட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இளவேனில் உட்காரவே இல்லை, "மிஸ், இன்னொரு வாட்டி படிக்கட்டா?" என்று கேட்டு, முழுதும் மறுபடி படித்தாள்.

குடியிருப்பின் தமிழ் மன்றம் வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு மலர் போடும். அதில் பிள்ளைகளின் கதை, போட்டோவோடு வரும். விழா மேடையில் அவர்களே அதைச் சொல்ல, நல்ல கதைக்குப் பரிசும் உண்டு. பிள்ளைகள் பெயரில் வருவதைப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பது அங்கே ஊரறிந்த வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. பெற்றோருக்கே அதில்தான் பெருமை.

மன்றத்துச் செயலாளர் சுந்தரராமன் போன் செய்தார். "மேடம், மலருக்குக் கதை வேணும். ஜட்ஜா ஓசூர்லேர்ந்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வர்றாரு. லிஃப்ட்டு பஸ்ஸுன்னு கலந்து கட்டி இருந்தா நம்ம மானம் போயிடும். கொஞ்சம் பாத்து சரி பண்ணிக் குடுங்க."

பிள்ளைகள் எழுதினது எழுதினபடி இருக்கட்டும் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு கதைக்கும் கீழே 'வழிகாட்டி: சீதாலட்சுமி, எம்.ஏ.' என்று அச்சாகும் என்பது அவளுக்குத் தெரியும். எம்.ஏ. படித்தவள் சொல்லிக் கொடுத்த லட்சணம் இதுதானா என்று ஒரு ஹெட்மாஸ்டர் கேட்டுவிட்டால்? "சரி சார்" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்ற உட்கார்ந்தாள். லிஃப்ட் 'மின்தூக்கி' ஆனது. மின்தூக்கி என்று ஆனபிறகு அதற்கு சாக்காய்த்து என்றால் பொருந்தவில்லை, 'சலிப்புற்றது' என்று போட்டாள். சலிப்புற்ற மின்தூக்கி பஜ்ஜி தின்னுமா? பஜ்ஜி போயிற்று. கண்டக்டர் போனார். சுந்தரராமன் குடியிருப்பதும் ஏழாவது மாடிதான், அந்த அங்கிள் தான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டால் வீண் வம்பு. அங்கிளும் போனார். கடைசியில் மின்தூக்கி, தன் கடமையை உணர்ந்து திரும்பி வந்தது. கீழே, 'நீதி: கடமையே உயர்வு தரும்.' குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் வேலை முடிந்தது. குதித்துக்கொண்டிருந்த குரங்கைப் பிடித்து, அசையாத பிள்ளையாராக்கி உட்கார வைத்துவிட்டாள்.

பொங்கல் விழாவில் இளவேனில் பட்டுப்பாவாடை கட்டி மேடையேறிக் கதையை ஒப்பித்தாள். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பஜ்ஜி இருந்த இடம் வந்தபோது சீதாலட்சுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற முகம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். முதல் பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள்.

இளவேனிலின் அம்மா யசோதா ஓடி வந்து சீதாலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை எங்க பொண்ணு எழுதுனான்னு என்னாலயே நம்ப முடியல மிஸ். இவ எழுதி வச்சிருந்தத நானும் படிச்சேனே, ஒரே கிறுக்கல். எல்லாம் உங்க கைப் புண்ணியம்."

அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது சீதாலட்சுமிக்கு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது குறுகுறுப்பு இல்லை, வலி. ஒரு பிள்ளை தானாகவே ஆசைப்பட்டு எழுதியதைத் தன் பேருக்காகக் கெடுத்துவிட்டோமே என்று வீட்டுக்கு வந்தும் புலம்பினாள். "பிரைஸ் கிடைச்சுதுல்ல, விடு" என்றார் கணவர். அதுதானே வேதனை.

அடுத்த சனிக்கிழமை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று போனாள். "இன்னிக்கு எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க. லிஃப்ட்டு, நாயி, தண்ணி டேங்கர், எதுவானாலும் சரி" என்றாள். மற்ற பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தன. இளவேனில் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

தாள் முழுக்க வெள்ளை. அடியில் மட்டும் அழகான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'நீதி: பெரியோர் சொல் கேட்டு நடக்க வேண்டும்.'

"மிஸ், நீதி கரெக்டா எழுதிட்டேன். மேல கதைய நீங்களே போட்டுக்கறீங்களா?"

சீதாலட்சுமி அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "இளவேனில், என்னை மன்னிச்சிடு கண்ணு. உன் லிஃப்ட் கதைதான் நல்ல கதை. அந்த பஜ்ஜி, அந்த அங்கிள், எல்லாமே நல்லாருந்துச்சு. எனக்குத்தான் பயம். யாராவது ஏதாவது சொல்லுவாங்களோன்னு நான்தான் அதைக் கெடுத்துட்டேன். நீ அந்த மாதிரியே எழுதும்மா."

இளவேனில் சுற்றுமுற்றும் பார்த்தாள். மிஸ் அழுவதை மற்றவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. குனிந்து, மெதுவாகச் சமாதானம் சொன்னாள்.

"பரவால்ல மிஸ். அது நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது எழுதுனது."