உட்கார்ந்தபடி ஒரு ‘வாங்க’

எங்கள் கொட்டகைக் கோழிகள் ஒரு வேளைகூடப் புரதம் இல்லாமல் சாப்பிட்டதில்லை. சோயா கலந்த தீவனம் லாரியில் வரும். எடை குறைந்தால், குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கோழி வளர்க்கும் அப்பா பாலுசாமி மூன்று வேளையும் ரசஞ்சோறு சாப்பிட்டார். அவர் எடை குறைந்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பீளமேட்டில் என் கல்லூரிக்கு எதிரே இருக்கும் டாக்டர் ராமாமணி, சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போன அப்பாவைக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அப்பா முயன்றார். நாற்காலி மட்டும் சத்தம் போட்டது.

"வயசாக வயசாகத் தசைய வளக்கற ஹார்மோன் கொறையுமுங்க. சாப்பாட்டுல புரதமும் இல்லீன்னா தொடைச் சதை கரைஞ்சு போகும். சக்கரைய எரிக்கிற அடுப்பே அதுதானுங்க. முட்டை, கோழி, பருப்பு சாப்பிடுங்க. தெனமும் உக்காந்து எந்திரிச்சுப் பழகுங்க."

"ஆகட்டுங்க," என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் அதற்கு மாட்டேன் என்றும் பொருள் உண்டு.

கருமத்தம்பட்டிக்குத் திரும்பும் வழியில் விளக்கினார். "பிராய்லர் முச்சூடும் ஹார்மோன் ஊசி. தின்னா ஒடம்பு என்னத்துக்காகும்?"

"நம்ம கோழிக்கு யாருங்கப்பா ஊசி போடறாங்க?"

"நாம போடறதில்ல."

"அப்பறம்?"

"ஊரே சொல்லுதில்ல, கண்ணு."

முட்டைக்கும் அதே வழக்கு. பருப்பு, வாயு. என் புரதப் பவுடருக்கு அவர் வைத்த பெயர் ஸ்டீராய்டு மாவு.

பிறகு அக்கா லோகப்பிரியாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்னார்கள். பையனோடு போனில் பேசிய அன்று அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டிருந்தாள்.

ஒரம்பரை என்று நாங்கள் சொல்லும் விருந்தாளி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் எழுந்து நின்று ‘வாங்க’ சொல்வதுதான் இங்கே மரியாதை. உட்கார்ந்துகொண்டே சொன்னால் அது வேறு ‘வாங்க’.

"காலு முடியலீன்னு ஆரும் வாயத் தொறக்கப்படாது," என்றார் அப்பா. "சக்கரைக் குடும்பம்னு புள்ளையத் தட்டிக் கழிச்சுப்போடுவாங்க."

வாசலிலேயே நின்று வரவேற்பதென்று திட்டம். நெடுநேரம் நின்றார். கார் வரவில்லை. உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார். கார் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளியங்கிரி நுழைந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க," என்றார் அப்பா, சோபாவிலிருந்து.

"எந்திரிங்க," என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

அப்பா ஒரு காலைக் கையால் தூக்கி மறுகால்மேல் போட்டுக்கொண்டார். முடியாதவன் என்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்பது மேல் என்று அந்த நொடியில் முடிவெடுத்திருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக வேறெந்த முடிவும் எடுத்ததில்லை.

வந்தவர்கள் பாதிக் காப்பியோடு, "வாரோமுங்க," என்று போனார்கள். மறுநாள் தரகர் போன் செய்தார். "மரியாதை தெரியாத ஊடு மாதிரி இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க."

"உள்ளதச் சொல்லீறலாமுங்கம்மா," என்றேன்.

"இனிச் சொன்னா சாக்குன்னுதான் நெனைப்பாங்க."

அன்று சாயந்திரம் அம்மா இரண்டு முட்டையை அவித்து அப்பா முன்னால் வைத்தாள். ஊசியைப் பற்றி எதுவும் பேசாமல் தின்றார்.

தட்டை எடுக்க அக்கா அறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அப்பா இரண்டு கையையும் சோபாவில் ஊன்றினார். உடம்பு ஒரு சாண் எழுந்து, நடுங்கி, திரும்ப விழுந்தது. மறுபடி ஊன்றினார்.

"உக்காருங்கப்பா," என்றாள் அக்கா, தட்டை எடுத்துக்கொண்டு. "நான் ஒண்ணும் ஒரம்பரை இல்லீங்க."