லுப்னா மறைத்த மாத்திரை

ஒன்றரை வயதாகியும் குழந்தை இரமுக்கு உட்கார வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் லுப்னாவும் அவள் கணவன் ஷோயபும் லீவு போட்டு, அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள்.

டாக்டர் ஹெலன் குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மாசமா இருந்தப்போ ஏதாவது மாத்திரை சாப்ட்டியாம்மா?"

"சத்து மாத்திரை மட்டும்தான்" என்றாள் லுப்னா.

அப்படியானால் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். லுப்னாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எனக்கு வலிப்பு இருக்கு டாக்டர். பதினாலு வயசுலேர்ந்து. தினம் ரெண்டு மாத்திரை. மாசமா இருந்தப்பவும் நிறுத்தல."

ஷோயப் அவளைப் பார்த்தான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லக்கூடாது என்று அவளைப் பெற்ற அம்மி சத்தியம் வாங்கியிருந்தாள். டாக்டர் எழுதிய பழைய சீட்டை வைத்தே லுப்னா மாத்திரையை மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொள்வாள். கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கெல்லாம் மாமியார் கூடவே வந்ததால் அங்கேயும் வாய் திறக்கவில்லை.

மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்ட டாக்டர் சொன்னார்: "இப்போதைக்கு ஸ்கேன் வேணாம். அந்த மாத்திரை வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சிய பாதிக்கும்மா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மருந்து குடுத்திருப்பாங்க."

"இப்ப நிறுத்திட்டா?"

"நீயா நிறுத்தாத, உன் உயிருக்கே ஆபத்து. பாப்பாவுக்குப் பயிற்சி குடுக்கலாம். உக்காருவா, நடப்பா. பேச்சு எவ்ளோ வரும்னு இப்ப சொல்ல முடியாது."

ஆம்பூர் திரும்பும் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் ஷோயப் அவள் பக்கம் திரும்பினான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"விட்டுட்டுப் போய்டுவீங்கன்னு பயந்தேன்."

அவன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். "அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

மாமியாரிடம் லுப்னாவே போய்ச் சொன்னாள். அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. ஷோயப் வாரவிடுமுறையை வியாழனுக்கு மாற்றிக்கொண்டு, குழந்தையைப் பயிற்சிக்குத் தூக்கிப் போனான். லுப்னாவிடம் தேவைக்கு மட்டும் பேசினான்.

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழன், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஷோயபிடமிருந்து போன் வந்தது.

"உக்காந்துட்டா, லுப்னா. யாரும் புடிக்கல."

"சிரிச்சாளா?"

"இல்ல. செவுத்தையே பாத்துட்டிருக்கா."

அவன் குரல் உடைந்தது. லுப்னா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.