ஒற்றைக்கண் பார்வைக்கு ஓர் எடுத்துக்காட்டு

1

இந்தக் கதை ஒரு சீட்டில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பொருளைக் காட்டும்படி யாராவது நிஜமாகச் சொன்ன வாக்கியம் ஒன்று வேண்டும். சொன்னவர் யார், எங்கே வேலை செய்கிறார் என்று சீட்டில் எழுதுவோம். சீட்டுகளின் பட்டியல் புத்தகத்தின் கடைசியில் அச்சாகும். என் தலையில் விழுந்த சொல் 'ஒற்றைக்கண் பார்வை'.

சொல்லின் பிறப்பை எழுதுவது எளிது. ஒன்று, ஒரு, ஒற்றை எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் 'ஒரு செருப்பு' வெறும் எண்ணிக்கை. 'ஒற்றைச் செருப்பு' என்றால் அதன் ஜோடி எங்கே என்று தேடத் தோன்றும். (இவ்வளவு யோசித்தவனுக்கு அடுத்த வரியில், எடுத்துக்காட்டு வாக்கியத்தில், புத்தி எங்கே போனதோ!)

2

சிறுவயதிலேயே அக்காவின் இடது கண்

[வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.]

அக்கா பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். கைராசிக்காரி, அழுகிற குழந்தைகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். அவளுக்கு இடது கண் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எப்படி நரம்பைப் பிடிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கண்ணுல ஆழம் தெரியாதுடா. விரல்லதான் தெரியும். தொட்டுப் பார்த்துட்டுதான் குத்துவேன்."

ஆகா, வாக்கியம் கிடைத்தது! அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டில் 'தொகுப்பாளரின் அக்கா' என்றும் கூடத்தின் பெயரையும் எழுதினேன். ஒரு வரிக்கு மேல் இடமில்லை என்றார் பதிப்பாசிரியர். 'ஒரு கண்ணில் ஆழம் தெரியாது' என்பதோடு வெட்டினேன்.*

* வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. வைக்கவில்லை.

3

புத்தகத்தை நானேதான் அக்காவுக்குக் கொடுத்தேன். தம்பி போட்ட புத்தகம் என்று அவள் கூடத்தில் பெருமையாகக் காட்டினாள். பட்டியலில் கூடத்தின் பெயரைப் பார்த்த பொறுப்பாளர், அந்த வரியைத் தேடிப் படித்தார். மறுநாளிலிருந்து அக்கா வாசலில் டோக்கன் கொடுக்கிறாள்.

முடிவு அ: பொறுப்பாளர் முழு வாக்கியத்தையும் படிக்கிறார், அக்காவைக் கூப்பிட்டு ஊசியை

"கதையில எனக்கு வேலை போட்டுக் குடுக்க நீ யாருடா?" இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள். "பாதியை வெட்டினது நான்தான்னு அவருக்கு எழுதிக் குடு."

"குடுத்தா என் வேலை போயிடும்க்கா."

"என்னோடது போச்சேடா."

4

முடிவு ஆ: அக்கா மன்னித்துவிடுகிறாள். (இதை அவளிடம் காட்ட எனக்கு முகமில்லை.)

வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பாளருக்கு நான்கு வரிக் கடிதம் போதும்; அதை எழுதப் பயந்துதான் இத்தனை பக்கம். கூடம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். இப்போது ஆறே முக்கால். நடந்தால் பத்து நிமிடம். நான் இன்னும் இரண்டாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.